மயிலாப்பூரில் இரண்டு படுக்கையறை வீடு: பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறீர்கள். நீங்கள், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், முழங்கால் வலியோடு அம்மா. அம்மாவுக்குக் கபாலி கோயில் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் 1980களில் கட்டிய எட்டு வீட்டு அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாடகை 32,000, அட்வான்ஸ் பத்து மாதம், ஒப்பந்தம் பதினொரு மாதம். பதிவெல்லாம் எதற்கு, நமக்குள் என்ன என்கிறார் ஓனர். இந்த வாடகை நியாயமா என்பது உங்கள் கேள்வி. இரண்டு மூன்று தரம் படித்ததில் எனக்கு வேறொன்று தோன்றியது. இந்த மனிதரை நம்பி 3,20,000 ரூபாயைக் கொடுத்தால் அது திரும்பி வருமா, நடுவில் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவாரா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். புதுக் கட்டடம் கட்டியதைவிடப் பழைய கட்டடத்தை ஒட்டவைத்ததுதான் அதிகம். இருபத்தாறு வருடமாக மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் பக்கம் ஒழுகுகிற பாத்ரூம், பெயர்ந்த கூரை, உப்பு ஏறிய சுவர் இவற்றோடுதான் பிழைப்பு. இதே பகுதியில் பதினொரு வருடம் குடியிருந்திருக்கிறேன். இப்போது ஒரு சின்ன வீட்டை வாடகைக்கும் விட்டிருக்கிறேன், ஆகவே இரண்டு பக்கத்துப் புலம்பலும் தெரியும். கட்டடத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது படித்தும் பட்டும் தெரிந்துகொண்டது. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீல்தான்.

வாடகையை முதலில் முடித்துவிடுவோம். மயிலாப்பூரில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளுக்குள் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கும். லிஃப்ட், மூடிய கார் பார்க்கிங், தண்ணீர், கட்டடத்தின் வயது, இந்த நாலும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை, கட்டடத்துக்கு நாற்பது வயது நெருங்குகிறது. அப்படியிருந்தும் 32,000 கேட்கிறார் என்றால் கோயிலுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கூப்பிடு தூரம் என்பதற்காகத்தான் கேட்கிறார். அநியாயம் என்று சொல்லமாட்டேன், பேசிப் பார்க்க இடமிருக்கிறது என்பேன். மெயின்டனன்ஸ் அதற்குள்ளேயா, தனியா என்று நீங்கள் எழுதவில்லை. தனி என்றால் அதையும் வாடகையோடு சேர்த்துப் பார்த்துதான் ஒப்பிட வேண்டும். ஆடி, மார்கழி மாதங்களில் பலர் வீடு மாற மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கும். அந்த நேரத்தில் பேசினால் ஓனர் இறங்கி வருவார். உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லையென்றால் அது லாபம்தான்.

இனி நான் உறுதியாகப் பேசக்கூடிய விஷயம். பழைய பேட்டையில் வீடு பார்க்கிறவர்கள் ஹால் அகலம், மாடுலர் கிச்சன், புதுப் பெயின்ட் இவற்றைப் பார்த்துவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பெயின்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அந்தக் காலத்தில் கட்டிய கான்கிரீட்டில் கம்பியை மூடும் பூச்சு பல இடங்களில் மெலிசாக இருக்கும். உப்பான போர் தண்ணீரிலேயே கலவை குழைத்த இடங்களும் உண்டு. மெரினா ஒரு நடைதான், உப்புக் காற்று வருடம் முழுக்க வீசுகிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் உப்பி உப்பி மேலே இருக்கிற சிமென்ட்டைப் பிளந்து தள்ளும். முதலில் மயிரிழை விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் பாளம் பாளமாக விழும்.

சில வருடம் முன்பு மந்தைவெளியில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குடிவந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. சமையலறை பளிச்சென்று வெள்ளை அடித்திருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பரணுக்கு மேலே கூரை மட்டும் கொஞ்சம் வயிறு தள்ளிய மாதிரி தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, பாக்கெட்டிலிருந்த பேனாவின் பின்பக்கத்தால் தட்டினேன். டொப்பென்று சத்தம். இரண்டாவது தட்டுக்கு உள்ளங்கை அகலப் பாளம் ஒன்று கழன்று பரணிலிருந்த அரிசி டின் மூடி மேல் விழுந்தது. அந்த இடத்தில் கம்பி இருந்த அடையாளமே இல்லை, செம்மண் பொடி மாதிரி உதிர்ந்தது. முந்தின குடித்தனம் காலி செய்ததும் அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். குழந்தை தூங்கும் அறைக் கூரையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். நல்லவேளை, அது திடமாக இருந்தது.

ஆகவே அடுத்த தடவை வீட்டைப் பார்க்கப் போகும்போது சாவிக்கொத்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் கூரை, பால்கனி அடிப்பக்கம், ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிப்படியின் கீழ்ப்பக்கம், கார் நிறுத்துமிடத்துத் தூண்கள், எல்லாவற்றையும் லேசாகத் தட்டுங்கள். திடமான கான்கிரீட் டக் டக்கென்று சொல்லும். உள்ளே விட்டுப்போனது டொப் டொப்பென்று பானை மாதிரி ஒலிக்கும். மொட்டைமாடிக்கும் போய் மேல்தொட்டி நிற்கிற தூண்களைப் பாருங்கள். மாடிச் சாவி ஓனரிடம் இல்லையென்றால் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்கியாவது பாருங்கள். ஒன்றிரண்டு இடத்தில் பழுது இருப்பது சகஜம், அதற்காக வீட்டைக் கைவிட வேண்டாம், எழுதி வாங்கிச் சரிசெய்யச் சொல்லலாம். தூண்களிலேயே நீளவாக்கில் விரிசல் ஓடுகிறது என்றால் வாடகை பாதியானாலும் நான் குடிபோக மாட்டேன்.

மின்சாரத்துக்கு இரண்டு விஷயம் போதும். மீட்டர் பலகையில் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருந்தால் அந்த வயரிங் அந்தக் காலத்தது. அதில் இரண்டு ஏசியும் கீசரும் ஒன்றாக ஓடாது. மின்சாரம் கசிந்தால் தானே கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி போட்டுத்தரச் சொல்லுங்கள், அது பெரிய செலவே இல்லை. அடுத்து, உங்கள் வீட்டுக்கு மின்வாரியத்தின் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டைப் பிரித்துப் போர்ஷனாக விடும் இடங்களில் ஓனர் சப்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார். அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும், குறைந்த அளவுக்கான மலிவுக் கட்டணமும் உங்களுக்குக் கிடைக்காது. அபார்ட்மென்ட் என்பதால் உங்களுக்குத் தனி மீட்டர்தான் இருக்க வேண்டும். நுகர்வோர் எண்ணை வாங்கிப் பழைய பாக்கி ஏதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் மயிலாப்பூர் வாழ்க்கையின் பாதி. ஓனரிடம் கேட்டால் தண்ணிப் பிரச்சினையே இல்லை சார் என்பார். எல்லா ஓனரும் அதைத்தான் சொல்வார்கள். குழாயின் வாயைப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஏடு படிந்திருந்தால் போர் தண்ணீரில் உப்பு கனமாக இருக்கிறது. கீசர் சீக்கிரம் போகும், தலைமுடி கொட்டுகிறது என்று வீட்டில் ரகளை நடக்கும். மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வருகிறது, சம்ப் என்கிற தரையடித் தொட்டி எத்தனை லிட்டர், மோட்டார் யார் போடுகிறார்கள், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு எப்படிப் பிரிகிறது, இந்த ஐந்தையும் கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 2019 கோடையில் நகரமே குடத்தோடு தெருவில் நின்றது. அந்த வருடம் இந்தக் கட்டடத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டால், வரும் பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். மழைக்கும் இதே வழிதான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள். அவருக்கு வீட்டை விற்கவோ விடவோ ஒன்றுமில்லை, உள்ளதைச் சொல்வார். இரண்டாவது மாடிக்கு வெள்ளம் வராது என்றாலும் சம்பில் சாக்கடை கலந்தால் எட்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, இந்தப் பகுதியில் அதுதான் முக்கியம். ரீடெவலப்மென்ட் பேச்சு ஏதாவது ஓடுகிறதா என்று கேளுங்கள். மயிலாப்பூரில் எண்பதுகளில் கட்டிய லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட்டுகளை இடித்து உயரமாகக் கட்டுவது தெருவுக்குத் தெரு நடக்கிறது. முன்பெல்லாம் ஒரு வீட்டுக்காரர் மறுத்தால் எல்லாம் நின்றுபோகும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். வாடகைக்கு இருப்பவரை இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஓனருக்கு பில்டர் மாற்றுவீட்டு வாடகை கொடுப்பார், உங்களுக்குப் பெட்டி கட்ட அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் ஓனர் 'பதினொரு மாதம், அதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. சந்தேகம்தான், நிச்சயம் இல்லை. அசோசியேஷன் செயலாளரைப் பார்த்து நேராகவே கேட்டுவிடுங்கள்.

அடுத்து நிலம். மயிலாப்பூரில் கணிசமான இடம் கோயிலுக்குச் சொந்தம். கட்டடம் ஒருவருடையதாக இருக்கும், அடிமனை கோயிலுடையதாக இருக்கும், அதற்கு அவர் கோயிலுக்கு வாடகை கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டிவருகிற வரைக்கும் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பாக்கி வைத்து அறநிலையத்துறை நடவடிக்கை எடுத்தால் கதவில் ஒட்டும் நோட்டீஸை முதலில் படிக்கப்போவது உள்ளே இருக்கிற நீங்கள்தான். 'இது கோயில் இடமா, பட்டா இடமா' என்று கேட்பதில் தப்பே இல்லை, இந்த ஊரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். மாநகராட்சிச் சொத்து வரி ரசீது, மின்வாரிய அட்டை, ஓனரின் ஆதார் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரே பெயர் இருக்காது. கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், வீடு ஓனருடைய காலமான அம்மாவின் பெயரில் இருக்கிறது, தம்பி அமெரிக்காவில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது அந்த வரிதான். அண்ணன் ஒருவர் கையெழுத்துப் போட்டு மூன்று லட்சம் வாங்கிக்கொள்கிறார். நாளைக்குத் தம்பி வந்து என் பங்கு எங்கே என்றால் அட்வான்ஸ் யாரிடம் கேட்பீர்கள்? மயிலாப்பூரில் இது தினப்படி கதை, பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில். வாரிசுச் சான்றிதழும், தன் சார்பில் கையெழுத்துப் போட அண்ணனுக்குத் தம்பி கொடுத்த பவர் பத்திரமும் இருந்தால் பிரச்சினை இல்லை. பார்த்துவிட்டு, இருவர் பெயரையும் போட்டு ஒப்பந்தம் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுத்தால், தொகை எவ்வளவாக இருந்தாலும் வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாடகை கொடுப்பவர் தலையில் விழுகிறது. விகிதம் 30 சதவீதத்துக்கு மேல். உள்ளூர் ஓனர் என்றால் மாதம் 50,000 தாண்டும்போதுதான் அந்தப் பேச்சு. தம்பியின் பங்குக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைக் குடிபோகும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் இல்லை.

பதிவு வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு வருகிறேன். பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்தது. ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், அதைத் தவிர்க்க ஒரு மாதம் குறைத்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் அந்தத் தந்திரம் இப்போது பாதிதான் பலிக்கும். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. பதினொரு மாதமோ மூன்று வருடமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையதளத்திலேயே பதியலாம், ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு அல்ல, வேறு. ஓனர்கள் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, செலவு, வரி, வீடு பறிபோகும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் இந்தச் சட்டம் ஓனருக்குப் பழைய சட்டத்தைவிடச் சாதகமானது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே காலி செய்யக் கேட்டு மனுப் போடலாம். அதை எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. அட்வான்ஸை, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். சண்டை வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பதிவு எண் இல்லாமல் இந்த உரிமைகளைக் கேட்டு நின்றால் முதல் கேள்வியே 'பதிவு எங்கே' என்பதாக இருக்கும். அதனால் வாடகை, அட்வான்ஸ், பெயின்ட் எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், பதிவில் விட்டுக்கொடுக்காதீர்கள். பதிய மறுக்கிற ஓனர் பான் எண்ணும் தர மாட்டார். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக் கழிவு கேட்பவராக இருந்தால் அது உங்களுக்கு நேரடி நஷ்டம். வருட வாடகை ஒரு லட்சம் தாண்டினால் உங்கள் அலுவலகம் ஓனரின் பான் எண்ணைக் கேட்கும்.

பத்து மாத அட்வான்ஸ் சட்டப்படி செல்லுமா? மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மூன்று மாதம் என்று சட்டம் சொல்வது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில்தான். பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் சட்டம் மூன்று மாதம்தான் சொல்கிறது என்று வாதாட இடம் குறைவு. ஆகவே இது சட்டப் பிரச்சினையைவிடப் பேரப் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மாதம் 3,20,000, மூன்று மாதம் 96,000. நடுவில் இருக்கும் 2,24,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடத்துக்கு 15,680, மாதத்துக்குச் சுமார் 1,300 ரூபாய். அதாவது உங்கள் உண்மையான வாடகை 33,300. ஓனரிடம் இந்தக் கணக்கையே காட்டி, 'அட்வான்ஸைக் குறையுங்கள், வாடகையில் ஐநூறு சேர்த்துத் தருகிறேன்' என்று கேளுங்கள். ஐந்து மாதத்தில் நின்றால் போதும். தொகை சின்னதாக இருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு பெரிது, அனுபவத்தில் சொல்கிறேன். இன்னொன்று, ஓனர்கள் அட்வான்ஸை வங்கியில் பத்திரமாக வைத்திருப்பதில்லை, அடுத்த குடித்தனக்காரர் தரும் அட்வான்ஸில்தான் உங்களுக்குத் திருப்புவார்கள். பெரிய அட்வான்ஸ் என்றால் அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். எதுவானாலும் ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி மூலமாகவே போகட்டும்.

நான் குடியிருந்த இரண்டாவது வீட்டில், காலி செய்த அன்று பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, அதற்கு மேல் பாத்ரூம் டைல்ஸ் விரிசலுக்கு எட்டாயிரம் என்று கழித்தார்கள். விரிசல் நான் குடிபோகும்போதே இருந்தது. போட்டோ இல்லை. அந்த எட்டாயிரத்துக்குப் பிறகு நான் சாவி வாங்கும் நாளில் வீடு முழுக்க வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், தேதியோடு இருக்கும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், பெரிய வயரிங் வேலை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிப்பது சென்னையில் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பேசி எழுதிவிட்டால் நியாயமாக இருக்கும்.

கட்டடத்துக்கு வெளியே இரண்டு மூன்று விஷயம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. அந்த வேலையால் லஸ் முனையும் ஆர்.கே. மடம் சாலையும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முடிந்த பிறகு வாடகை ஏறும், எப்போது முடியும் என்று தேதி சொல்பவரை நம்பாதீர்கள். மகள் பள்ளிக்கூடம் போகும் வழியைக் காலை எட்டு மணிக்கு ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். பக்கிங்காம் கால்வாய் ஓரமாக வேறு வீடு காட்டினால் சாயங்காலம் ஆறரைக்குப் போய் ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் நில்லுங்கள், கொசுவே பதில் சொல்லும். பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். அந்த நாட்களில் மாடவீதிகளுக்குள் கார் நுழையாது, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக வரும் என்று யோசித்து வையுங்கள். அந்த ஒரு வாரம் உறவுக்காரர்கள் எல்லாரும் உங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள் என்பதையும் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எந்த ஊர், சைவமா என்று ஓனர் கேட்டதாகவும், அது சங்கடமாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சங்கடப்பட வேண்டியது அவர்தான். 'சைவம் மட்டும்' என்ற போர்டு இந்தப் பகுதியில் சாதாரணம், அது பல சமயம் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பது என்பதும் எல்லாருக்கும் தெரியும். மூடிமறைத்துக் குடிபோகாதீர்கள். மாதம் 32,000 கொடுத்துவிட்டு, முட்டை வேகவைக்க ஜன்னலை மூடிக்கொண்டு வாழ முடியாது. முன்பே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்றால் மந்தைவெளியிலும் சாந்தோமிலும் இதைக் கேட்காத வீடுகள் கிடைக்கும், கோயிலுக்கு ஷேர் ஆட்டோ தூரம்தான்.

இந்த வீட்டை நான் எடுப்பேனா? தம்பியின் பவர், பதிவு, ஐந்து மாத அட்வான்ஸ், இந்த மூன்றுக்கும் ஓனர் ஒத்துக்கொண்டு, தூண்களும் டக் டக்கென்று ஒலித்தால் எடுப்பேன். முதல் இரண்டில் ஒன்றுக்கு மறுத்தாலும் வீட்டை விட்டுவிடுவேன். டோக்கன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, இந்த வாரமும் கொடுக்காதீர்கள். அதற்கு முன்னால் அம்மாவை ஒருமுறை அழைத்துப் போங்கள். ஒரு பிரதோஷத்தன்று சாயங்காலம், கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பி நடந்து வந்து, அந்த இரண்டு மாடியையும் ஏறட்டும். கைப்பிடிச் சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது, நடு லேண்டிங்கில் நின்று மூச்சு வாங்க இடமிருக்கிறதா, இரவு விளக்கு எரிகிறதா என்று நீங்கள் பின்னாலேயே ஏறிக்கொண்டு பாருங்கள். அதே கட்டடத்தில் முதல் மாடி காலியாகப் போகிறதா என்றும் அப்போதே செயலாளரிடம் கேட்டு வையுங்கள்.